கற்கும் காலத்துக் கூலி

சென்ற ஐப்பசி மழையின்போது எங்கள் வீட்டு மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் கசிவு கண்டது. சுவர் ஊறி, படுக்கையறையின் மேல்மூலையில் பச்சை படர்ந்த பிறகே அதைக் கவனித்தோம். பத்தாண்டுகளாக எங்கள் தெருவுக்கு வந்துபோகும் பிளம்பரை அழைத்தேன். அவருடன் பத்தொன்பது வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞனும் வந்தான். பெரியவர் சுவரைத் தட்டிப் பார்த்து ஓர் இடத்தில் கரியால் கோடு போட்டார். அதன்பின் உளியும் சுத்தியலும் எடுத்து உடைத்தவன் அந்த இளைஞன்; பழைய எல்போவை அறுத்து எடுத்தவனும், கடைக்கு இருமுறை ஓடியவனும், புதுக் குழாயைச் செருகிச் சொல்யூஷன் தடவிப் பிடித்துக்கொண்டு நின்றவனும் அவனே. பெரியவர் இடையிடையே, "திருப்பாத, அப்படியே புடி" என்றார். ஒருமுறை மட்டும் அவன் கையிலிருந்ததை வாங்கித் தாமே செய்தார். மாலையில் நான் தந்த 1,500 ரூபாயில் 300 ரூபாயை எண்ணி அவனிடம் கொடுத்தார்.

பேச்சுவாக்கில் விசாரித்தேன். அவன் அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஓராண்டு பிளம்பர் படிப்பு முடித்துச் சான்றிதழ் வாங்கியவன். முடித்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. "சர்டிபிகேட் இருக்கு சார். ஆனா அண்ணன்கிட்ட வந்து மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிச்சிருக்கேன்" என்றான். நான் பெரியவரைப் பார்த்தேன். அவர் சங்கடப்படவில்லை. "வேல கத்துக் குடுக்கறேன் சார். அதுவே ஒரு சம்பளந்தானே?" என்றார்.

அவர் கெட்டவர் அல்லர். அந்தப் பையனுக்கு மதியச் சாப்பாடும் இரு வேளைத் தேநீரும் அவர் செலவுதான்; அவனுடைய தாயார் மருத்துவமனையில் இருந்தபோது முன்பணம் கொடுத்தவரும் அவரே. என்றாலும் அவர் சொன்ன அந்த வாக்கியம் சில வாரங்களாக என்னை விடவில்லை. கற்பித்தலே கூலியாகுமா? ஆகுமென்றால் எவ்வளவு காலத்துக்கு? கற்று முடித்தபின் அந்தக் கூலியின் மிச்சத்தை அவனுக்கு யார் கொடுப்பார்கள்?

நம்முடைய சட்டமும் ஏறக்குறைய பெரியவர் சொன்னதையே சொல்கிறது என்பது தேடிப் படித்தபோது தெரிந்தது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், பழகுநர் என்பவர் பயிற்சி பெறுபவரே அன்றித் தொழிலாளி அல்லர் என்று தெளிவாக வரையறுக்கிறது. ஆகவே தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா. பாதுகாப்பு, விபத்து இழப்பீடு போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்பும், ஊழியர் யார் என்று வரையறுக்கும் இடத்திலேயே, இந்தச் சட்டத்தின் கீழுள்ள பழகுநரை நீக்கிவிட்டுத்தான் பேசத் தொடங்குகிறது. அவர் பெறுவதற்குப் பெயர் கூலி அல்ல, ஊதியம் அல்ல, உதவித்தொகை. (சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்கக் கூடாது. உதவி என்பது கொடுப்பவரின் குணத்தைச் சார்ந்தது. கூலி என்பது செய்தவரின் வேலையைச் சார்ந்தது. முன்னதைக் கேட்டால் யாசகம், பின்னதைக் கேட்டால் உரிமை.)

அந்த உதவித்தொகை எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதில் ஒரு சிறு வரலாறு இருக்கிறது. 2014இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பழகுநரின் தொகை அந்தந்த மாநிலத்தின் ஓரளவு பயிற்சி பெற்ற தொழிலாளருக்கான குறைந்தபட்ச ஊதியத்தோடு முடிச்சிடப்பட்டது: முதலாண்டில் 70 விழுக்காடு, இரண்டாம் ஆண்டில் 80, அதன்பின் 90. என் பார்வையில் இது நியாயத்துக்கு மிக அருகில் வந்த ஏற்பாடு. அவன் முழுத் தொழிலாளி இல்லை என்பதையும் அது ஒப்புக்கொண்டது. ஆண்டுக்காண்டு தொழிலாளி ஆகிக்கொண்டிருக்கிறான் என்பதையும் ஒப்புக்கொண்டது. விலைவாசியோடு குறைந்தபட்ச ஊதியம் ஏறும்போது இவன் தொகையும் தானாக ஏறும். 2019 செப்டம்பரில் அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டார்கள். ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவருக்கு மாதம் 5,000 ரூபாய், தொழிற்பயிற்சி நிலையச் சான்றிதழ் பெற்றவருக்கு 7,000, பட்டதாரிக்கு 9,000 என்று குறைந்தபட்சத் தொகைகள் நிலையாக நிறுத்தப்பட்டன. இரண்டாம் ஆண்டில் 10 விழுக்காடும் மூன்றாம் ஆண்டில் 15 விழுக்காடும் கூடும். 2025 மே மாதத்தில் மத்தியத் தொழிற்பழகுநர் மன்றம் கூடி இவற்றை 36 விழுக்காடு உயர்த்தலாம், அதாவது 6,800 முதல் 12,300 வரை ஆக்கலாம் என்று பரிந்துரைத்தது. ஐந்தரை ஆண்டுகளில் அரிசியும் பேருந்துக் கட்டணமும் காத்துக்கொண்டிருக்கவில்லை என்பதை மன்றத்தில் யாராவது நினைவூட்டியிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

ஒரு சிறு கணக்கு. 2024 அக்டோபரில் மத்திய அரசு தன் அதிகார எல்லைக்குட்பட்ட கட்டுமானப் பணிகளுக்கு அறிவித்த குறைந்தபட்ச ஊதியத்தின்படி, பெருநகரங்களில் ஓரளவு பயிற்சி பெற்றவருக்கு நாளொன்றுக்கு 868 ரூபாய்; மாதத்துக்கு 22,568. முழுப் பயிற்சி பெற்றவருக்கு நாளொன்றுக்கு 954. மாநில அறிவிப்புகள் வேறு என்பதால் இதை அப்படியே எல்லா இடத்துக்கும் பொருத்த முடியாது. ஒரு அளவுகோலாக மட்டும் வைத்துக்கொள்வோம். 22,568இல் 70 விழுக்காடு 15,797 ரூபாய். சான்றிதழ் பெற்ற பழகுநருக்கு 2019 விதி உறுதி செய்த 7,000 ரூபாய் அதில் பாதிகூட இல்லை. 26 வேலைநாட்களால் வகுத்தால் நாளொன்றுக்கு 269 ரூபாய் வருகிறது. என் வீட்டில் சுவர் உடைத்தவனுக்குக் கிடைத்தது 300. முறைசாராத் தொழில், ஏட்டில் ஏறாத உறவு என்றெல்லாம் நாம் குறைசொல்லும் பெரியவர், சட்டம் சொன்னதைவிட 31 ரூபாய் கூடுதலாகவே கொடுத்திருக்கிறார்! மதியச் சாப்பாடு தனி.

உண்மையில் அந்தச் சட்டம் பிளம்பரின் பக்கம் வருவதே இல்லை. 30 பேர், அதற்கு மேல் பணிபுரியும் நிறுவனங்களே பழகுநரைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். 4 முதல் 29 பேர் வரை உள்ளவை விரும்பினால் சேர்க்கலாம். நம் ஊரில் பிளம்பிங் என்பது ஒருவரும் அவருடைய இருசக்கர வண்டியும் ஒரு சாக்குப்பையும். கூடிப்போனால் இரண்டு கையாட்கள். அவர் எந்தப் படிவத்திலும் நிறுவனம் அல்லர். 2016இல் தொடங்கிய தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையின் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, அரசு ஏற்றுக்கொள்கிறது. நல்ல திட்டம்தான். ஆனால் அந்த 1,500 ரூபாய் பெரிய தொழிற்சாலையில் சேர்ந்த பழகுநரை எட்டலாமே தவிர, குழாயோடு வாழ்கிற இவருடைய சாக்குப்பைக்கு வந்து சேர வழியில்லை.

தொழிற்பயிற்சி நிலையத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு அரசு நிலையங்களில் கல்விக் கட்டணம் இல்லை. சீருடை, மிதிவண்டி, பேருந்து அட்டை ஆகியவற்றோடு மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் தரப்பட்டு வந்திருக்கிறது. 2022இல் தொடங்கிய புதுமைப் பெண், 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் ஆகிய திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயும் அரசுப் பள்ளிகளில் படித்து இங்கே சேர்ந்தவர்களை எட்டியது. எட்டாவது பத்தாவதோடு நின்றுபோயிருக்கக் கூடிய ஒரு பிள்ளையை ஓராண்டு வகுப்பில் உட்கார வைக்கும் சக்தி இந்தத் தொகைகளுக்கு உண்டு. அவற்றை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் ஓராண்டில் என்ன கற்றுக்கொள்ள முடியும்? மேசைமீது வைத்த குழாயில் மரை போடலாம்; வரைபடம் படிக்கலாம்; வால்வுகளின் வகைகளைப் பெயர் சொல்லிப் பிரிக்கலாம். இருபது ஆண்டுக்கு முன் கட்டிய வீட்டில், எந்தச் சுவருக்குள் எந்த வழியில் குழாய் போகிறது என்று கட்டியவரும் மறந்துபோன ஒரு வீட்டில், ஈரத்தின் தடத்தை வைத்து ஓட்டையைக் கண்டுபிடிப்பதை எந்தப் பட்டறையிலும் கற்பிக்க முடியாது. அதற்குப் பெரியவரின் கரிக்கோடுதான் வேண்டும். ஆக, இரண்டாவது பயிற்சிக்காலம் தவிர்க்க முடியாதது. அந்தக் காலத்துக்குத்தான் எந்த விதியும் இல்லை.

இது நம் ஊருக்கு மட்டுமான நடைமுறையும் அல்ல. சென்னையின் அடுக்குமாடிக் கட்டுமானங்களில் ஒடிய மொழி பேசும் பிளம்பர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்திலிருந்து, குறிப்பாகப் பட்டாமுண்டை வட்டாரத்திலிருந்து, பல தலைமுறைகளாக இந்தியாவின் எல்லாப் பெருநகரங்களுக்கும் பிளம்பர்கள் போகிறார்கள். மாமனோடும் சித்தப்பனோடும் ஊர்க்காரனோடும் போய், உடன் தங்கி, உடன் உண்டு கற்றுக்கொண்ட தொழில் அது. பின்னாளில் அரசு பட்டாமுண்டையிலேயே பிளம்பிங்குக்கென்று ஒரு பயிற்சி நிறுவனத்தை அமைத்தது. உறவுமுறைக்குள் கற்பதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. மாமன் ஏமாற்ற மாட்டான் என்ற நம்பிக்கை. அந்த உறவு இல்லாத இடத்தில், நம் தெருப் பையன்களின் விஷயத்தில், அதே நடைமுறை வெறும் மலிவுக் கூலியாகிவிடுகிறது.

இனிப் பெரியவரின் பக்கம். அதையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். கற்பவன் பொருளை வீணாக்குவான். சி.பி.வி.சி. குழாயில் சொல்யூஷன் தடவிச் செருகியபின் கோணம் தவறினால் திருத்த முடியாது. அறுத்து எறிந்துவிட்டுப் புதிய எல்போவும் கப்ளிங்கும் வாங்க வேண்டும். அவன் வேகம் குறைவு. அவனால் ஒரு நாள் வேலை ஒன்றரை நாளாகும். இரவில் மறுபடி ஒழுகினால் வீட்டுக்காரரின் வசவு பெரியவருக்குத்தான். இவ்வளவுக்கும் பிறகு, கை படிந்ததும் அவன் தனியாகப் போய்விடுவான். போகும்போது இரண்டு வாடிக்கையாளர்களையும் அழைத்துக்கொண்டு போவான். இந்த நிலையில் முழுக்கூலி எப்படிக் கொடுப்பது?

இந்த வாதம் பொருளியலில் நன்கு அறிமுகமானது. எங்கும் விலைபோகும் திறனைக் கற்பிக்கும் செலவை முதலாளி ஏற்கமாட்டார். கற்பவனே குறைந்த கூலியின் வழியாக அதைச் செலுத்துகிறான் என்று கேரி பெக்கர் 1964இல் வெளிவந்த மனித மூலதனம் பற்றிய நூலில் விளக்கினார். சரி. ஆனால் அவருக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் முன்பே ஆடம் ஸ்மித் இதைத் தலைகீழாகப் பார்த்தார். 1563ஆம் ஆண்டுச் சட்டத்தால் இங்கிலாந்தில் ஏழாண்டுப் பழகுகாலம் கட்டாயமாக இருந்த காலம் அது. கூலியில்லாத பழகுநன் சோம்பேறியாக இருப்பதில் வியப்பில்லை, உழைப்பால் அவனுக்கு உடனடிப் பயன் ஏதுமில்லையே என்றார் ஸ்மித். மாறாக, தொடக்கத்திலிருந்தே அவன் செய்து முடித்த வேலையின் அளவுக்குக் கூலி கொடுங்கள். அனுபவக் குறைவால் வீணாக்கும் பொருளுக்கு அவனே விலை கொடுக்கட்டும். அப்போது அவன் இன்னும் விரைவாகவும் கவனமாகவும் கற்பான் என்பது அவருடைய யோசனை. அப்படிச் செய்தால் ஏழாண்டுக்காலம் மிச்சப்படுத்தும் கூலியை எஜமானர் இழப்பார் என்பதையும் 1776இலேயே அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்த ஏழாண்டு விதி 1814இல் நீக்கப்பட்டது. சந்தையின் வேதமாகக் கருதப்படும் நூலில் கையாளுக்காக இப்படியொரு வாதம் இருப்பதை நான் மிகத் தாமதமாகத்தான் படித்தேன்.

இந்த இருவரையும் சேர்த்து வைத்துப் பார்க்கையில் எனக்குத் தோன்றுவது இது: பயிற்சிக் காலத்தில் குறைத்துத் தரப்படும் கூலி என்பது கற்பவன் கொடுக்கும் கடன். அவன் 800 ரூபாய் வேலை செய்துவிட்டு 300 வாங்கிக்கொள்கிறான் என்றால் மீதி 500ஐ நாளைக்கு வரும் என்று நம்பி விட்டுக்கொடுக்கிறான். பெக்கர் சொல்வது நியாயமாக வேண்டுமானால் அந்தக் கடன் திரும்பி வர வேண்டும். தேர்ச்சி பெற்றபின் அவனுடைய கூலி கண்ணுக்குத் தெரிகிற அளவில் உயர வேண்டும். ஆகவே பயிற்சிக் காலத்துச் சம்பளத்தைத் தனியாக எடுத்துக்கொண்டு அது அதிகமா குறைவா என்று பேசுவதில் பொருளில்லை. பின்னால் என்ன கிடைக்கிறது என்பதோடு சேர்த்தே எடைபோட வேண்டும்.

இதற்கு ஜெர்மனியைப் பார்த்தால் விளங்கும். அங்கே குடிநீர்க் குழாய், கழிவுநீர், வெப்பமூட்டல் ஆகியவற்றைச் சேர்த்துக் கற்கும் தொழிலுக்கு மூன்றரை ஆண்டுப் பயிற்சி. நிறுவனத்தில் வேலை, தொழிற்பள்ளியில் பாடம், இரண்டும் மாறிமாறி நடக்கும். 2020 முதல் பயிற்சியாளருக்கான குறைந்தபட்சத் தொகை சட்டத்திலேயே இடம்பெற்றிருக்கிறது. அந்த ஆண்டு முதலாண்டுப் பயிற்சியாளருக்கு மாதம் 515 யூரோ. 2025இல் தொடங்கியவருக்கு 682. இரண்டாம் ஆண்டில் அதன்மீது 18 விழுக்காடு, மூன்றாம் ஆண்டில் 35, நான்காம் ஆண்டில் 40 கூடும். கேட்டவுடன் நமக்கு ஏக்கம் வருகிறது. ஆனால் 2025இல் அங்கே பொதுக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.82 யூரோ, வாரம் 40 மணி நேரம் என்று வைத்தால் மாதம் சுமார் 2,200. அதில் 682 என்பது 31 விழுக்காடு. நம்முடைய 7,000 ரூபாய் 22,568இல் எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள்: அதுவும் 31தான்! இந்தக் கணக்கு எனக்கே வியப்பாக இருந்ததால் இரண்டுமுறை போட்டுப் பார்த்தேன். (கூட்டு ஒப்பந்தங்களால் அங்கே பலருக்கு இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கிறது என்பது வேறு.) சட்டத்தின் அடிமட்டத்தில் விகிதத்தைப் பார்த்தால் ஜெர்மனி ஒன்றும் வள்ளல் அல்ல.

வேறுபாடு அதன்பின் வருவதில் இருக்கிறது. அங்கே பயிற்சி முடிவில் ஒரு தேர்வு. தேறியவனுக்கு நாடு முழுவதும் பொருள் விளங்கும் ஒரு பெயர், அந்தப் பெயருக்குரிய ஊதிய நிலை, அதற்கு மேல் மாஸ்டர் தேர்வு. படிக்கட்டு கண்ணுக்குத் தெரிகிறது. கொடுத்த கடன் எந்தத் தேதியில் திரும்பத் தொடங்கும் என்று பையனுக்கும் தெரியும், அவன் தாய்க்கும் தெரியும். நம் சட்டத்தில் பழகுகாலம் முடித்தவரை வேலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் முதலாளிக்கு இல்லை. 2014க்குப் பிறகு, எப்படி எடுத்துக்கொள்வது என்று ஒரு கொள்கையை மட்டும் அவர் வகுத்து வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் தெருப் பையனுக்கோ அந்தக் கொள்கைகூட இல்லை. கடன் கொடுத்தவன் அவன். பத்திரம் யாரிடமும் இல்லை.

தேர்ச்சிக்குப் பின் இங்கே என்னதான் நடக்கிறது? மின்பணியாளராக இருந்தால் உரிமம் என்று ஒன்று உண்டு. அது இல்லாமல் சில வேலைகளைச் செய்ய முடியாது. பிளம்பருக்கு அப்படி எதுவும் வேண்டியதில்லை. பிரதானக் குழாயிலிருந்து இணைப்புத் தருவதற்குக் குடிநீர் வாரியம் போன்ற அமைப்புகள் பதிவுபெற்ற பிளம்பரைக் கேட்கலாம். வீட்டு மதிலுக்குள் எவரும் குறடு எடுக்கலாம். சான்றிதழ் உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் வீட்டுக்காரர் கொடுப்பது ஒரே தொகை. சான்றிதழைக் கேட்கும் இடம் ஒன்று உண்டு. அது கடலுக்கு அப்பால் இருக்கிறது. வளைகுடா வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் அதைப் பார்க்கிறார்கள், தொழில் தேர்வும் வைக்கிறார்கள். நம் அரசு செலவழித்துத் தரும் சான்றிதழுக்கு நம் ஊரில் விலையில்லை என்பது விசித்திரம்தான்.

வேலையின் இயல்பும் மாறிவிட்டது. ஜி.ஐ. குழாய்க் காலத்தில் மரை போடுவதே ஒரு வித்தை. டை செட்டைப் பிடித்துச் சுழற்றும் தோள்வலிமை, சணலும் வெள்ளைப் பூச்சும் எந்த அளவில் சுற்றுவது என்ற கைப்பழக்கம், எல்லாம் சேர ஆண்டுகள் பிடிக்கும். அந்த ஆண்டுகளே அவனுக்கு மதில். யாரும் ஒரே நாளில் போட்டியாக வந்துவிட முடியாது. பிளாஸ்டிக் குழாயும் சொல்யூஷன் டப்பாவும் வந்தபின் அந்த மதில் சரிந்தது. இப்போது ஆறு மாதம் கையாளாக இருந்தவன்கூடக் குழாய் இணைத்துவிடலாம். கழிவுக் குழாயின் சரிவு, காற்றுப்போக்கி, அழுத்தம் பற்றிய அறிவு அவனுக்கு இருக்கிறதா என்பது நமக்குத் தெரிய இரண்டு ஆண்டுகள் ஆகும். அதற்குள் அவன் பணம் வாங்கிப் போயிருப்பான். திறன் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் திறனுக்கு விலை கிடைப்பதில்லை.

கட்டுமான வேலையில் கூலி ஒரு குளியலறைக்கு இவ்வளவு, ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசப்படுகிறது. அதைப் பேசுபவர் ஒப்பந்தக்காரர். நாட்கூலி வாங்குபவர் வேறு. நாட்கூலியும் மாதம் முழுவதும் கிடைக்காது. மழைக்காலத்தில் கட்டட வேலை நிற்கும், தேர்தல் வந்தால் மணல் நிற்கும். கருவிகள் சொந்தச் செலவு. ஐம்பதை நெருங்கும்போது முழங்காலும் இடுப்பும் தகராறு செய்யும். சிங்க்குக்கு அடியில் படுத்துக்கொண்டு வேலை செய்யும் தொழில் அல்லவா. இந்த இடைவெளியை நிரப்ப ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்: பொருள் வாங்கும் கடையில் கமிஷன். நம்மில் பலர் இதைத் திருட்டு என்போம். நானும் சொல்லியிருக்கிறேன். உழைப்புக்குப் பேரம்பேசி 200 ரூபாய் குறைத்துவிட்டு, குழாய் வாங்கும்போது அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறோம். வித்தியாசம் ஒன்றுதான். இதில் கையாளுக்குப் பங்கில்லை. கூலி உயர்ந்தால் அவனுக்கும் கொஞ்சம் உயரும்; கமிஷன் உயர்ந்தால் அவனுக்கு ஒன்றுமில்லை.

நெசவாளருக்கு ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' இருக்கிறது. உப்பளத் தொழிலாளிக்கு ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்'. தோல் பதனிடுபவருக்கு டி.செல்வராஜின் 'தோல்'. பிளம்பரை மையமாக வைத்து நான் படித்த தமிழ் நாவல் ஒன்றுமில்லை. அவருக்குத் தமிழில் புழங்கும் பெயர்கூட இல்லை. கொத்தனார், தச்சர், கொல்லர் என்ற வரிசையில் பிளம்பர் மட்டும் ஈயத்துக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்த ஆங்கிலப் பெயரோடு நிற்கிறார். காரணம் இலக்கியவாதிகளின் அலட்சியம் மட்டும் அல்ல என்று நினைக்கிறேன். தறிக்கூடமும் உப்பளமும் பலர் சேர்ந்து வேலைசெய்யும் இடங்கள். அங்கே சங்கம் உருவாகும், வேலைநிறுத்தம் நடக்கும், கதை பிறக்கும். பிளம்பர் தனியாக வருகிறார், தனியாகப் போகிறார். அவருக்கு நாவல் இல்லாமல் போன அதே காரணத்தால்தான் அவருக்காகக் கூலி பேசவும் யாரும் இல்லை.

என்ன செய்யலாம்? 2014ஆம் ஆண்டு விகிதத்தைத் திரும்பக் கொண்டுவருவது முதல் வேலை. ஆனால் பெரியவரைப் போன்றவருக்கு அது எட்டாது, எட்டினாலும் தாங்காது. அதற்கு ஏற்கெனவே ஒரு பணப்பை இருக்கிறது. கட்டடத் தொழிலாளர் நலனுக்காகக் கட்டுமானச் செலவில் குறைந்தது 1 விழுக்காட்டைத் தீர்வையாக வசூலிக்க 1996ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அந்த அடிமட்டத்தைத் தொடர்கிறது. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994 முதலே இருக்கிறது. பிளம்பர்களும் அதில் உறுப்பினராகலாம். விபத்துக்கும், பிள்ளைகளின் படிப்புக்கும், ஓய்வூதியத்துக்கும் உதவும் அந்த வாரியம், உறுப்பினரான ஒரு பிளம்பரிடம் கற்கும் இளைஞனின் கூலியில் பாதியை இரண்டாண்டுகளுக்கு ஏற்றுக்கொண்டால் என்ன? ஒரு கையேடு வைத்துக்கொள்ளட்டும்; என்னென்ன வேலை கற்றான் என்று ஆசான் கையெழுத்திடட்டும். இரண்டாண்டு முடிவில் ஒரு செய்முறைத் தேர்வு. தேறியவனுக்கு முழுப் பயிற்சி பெற்றவருக்கான கூலி. வீட்டுவசதி வாரியமும் பொதுப்பணித் துறையும் தங்கள் ஒப்பந்தங்களில், தேறியவர் இத்தனை பேர் இருக்க வேண்டும், அவர்களுக்கு இந்தக் கூலி கொடுத்ததற்குச் சான்று வேண்டும் என்று ஒரு விதி சேர்த்தால் போதும், அந்தத் தேர்வுக்கு ஒரு விலை பிறந்துவிடும். 2015 முதல் மத்தியத் திறன் திட்டத்தில், அனுபவத்தால் கற்றவர்களைச் சோதித்துச் சான்றளிக்கும் ஏற்பாடு இருக்கத்தான் செய்கிறது. சான்றிதழுக்குப் பின்னால் கூலி இல்லாததால் அது பெட்டிக்குள் இருக்கும் காகிதமாக நின்றுவிடுகிறது.

கழிவறை அடைப்பை எடுப்பதற்கு வெட்கப்பட்டு நம் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வருவதில்லை என்று சிலர் சொல்கிறார்கள். அந்த வெட்கத்தின் பின்னால் சாதி இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் நாளொன்றுக்கு 300 ரூபாய் என்பதே அந்த இழிவை உறுதிப்படுத்தும் விலைச்சீட்டு.

இந்த யோசனைகளை மார்கழியில், வேறொரு பழுதுக்கு வந்த பெரியவரிடமே சொன்னேன். கேட் வால்வைக் கழற்றிக்கொண்டே கேட்டார். பையன் கீழே மோட்டார் சுவிட்சருகே இருந்தான்.

"வாரியம் குடுக்கற பாதிய யார் கைல குடுப்பாங்க சார்? என் கைலயா, அவன் கைலயா?"

"அவனுடைய வங்கிக் கணக்கில்" என்றேன்.

சற்று யோசித்தார். "அப்போ என் பேச்ச ஏன் கேப்பான்? பாதியில ஓடிப்போயிட்டா?"

"இரண்டாம் வருடக் கூலி அதிகம். அதற்கு முதல் வருடம் முடித்ததாகக் கையேட்டில் உங்கள் கையெழுத்து வேண்டும்."

வால்வைத் திருப்பிப் பார்த்து, உள்ளே அடைத்திருந்த உப்பைச் சுரண்டினார். பிறகு மாடி விளிம்புக்குப் போய்க் கீழே பார்த்து, "டேய், மோட்டாரப் போடு" என்று குரல் கொடுத்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"கையெழுத்து எல்லாம் நல்லாவே போடுவேன் சார். அந்தப் புக்க மொதல்ல அடிக்கச் சொல்லுங்க."